சமைக்க ஒருவர், பரிமாற ஆறு பேர்

ஜூன் 14

தம்பிக்கு,

போன் இருக்கும்போது இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். வைத்த பிறகு நான் என்ன கேட்டேன் என்பதே உனக்கு நினைவிருக்காது. அதுவுமல்லாமல் இந்த வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் ஹாலில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். இன்றைக்குச் சோதிக்க வேண்டிய குடிநீர் பாட்டில்கள் எதிரில் வரிசையாக நிற்கின்றன. நீயும் எழுத்திலேயே பதில் சொல். எழுதியதை அப்புறம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மழுப்ப முடியாது.

உன்னிடம் இரண்டே விஷயம் கேட்டேன். ஒன்று, அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டு, செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் அப்பா உன் வீட்டில் இருப்பது.

முதலாவது வந்து சேர்ந்தது. பிரித்ததும் பயந்துவிட்டேன். கண்ணாடிக் கதவு, உள்ளே செங்கல் பருமனில் மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு, போதாததற்குச் சிவப்பும் நீலமுமாக விளக்கு. அப்பா சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன இது, சர்க்கஸ் கூடாரமா?" என்றார்.

அவர் விளையாடுவது துப்பாக்கி விளையாட்டு இல்லை, கார் பந்தயமும் இல்லை. நகரம் கட்டும் விளையாட்டு. ரோடு போட்டு, வீடு கட்டி, பஸ் விடுவது. அவருடைய நகரத்தில் இப்போது தொண்ணூறாயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, ஏற வேண்டிய ஒரு பஸ். அத்தனை பேரையும் கணக்குப் போட்டு நகர்த்துவது பிராசசர். படம் வரைவதுதான் கார்டின் வேலை. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் உன்னிடம் சொன்னேன். பிராசசருக்குச் செலவு செய், கார்டு சுமாராக இருந்தால் போதும் என்று சொன்னேன். நீ அப்படியே தலைகீழாகச் செய்து அனுப்பியிருக்கிறாய்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஆள் ஏறுவதற்குக் காலைத் தூக்குகிறார். தூக்கிய கால் தூக்கியபடி நிற்கிறது. பஸ்ஸும் நிற்கிறது, ஊரே நிற்கிறது. வாழ்நாளெல்லாம் டெப்போவில் கன்ட்ரோலராக இருந்து வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்பியவர் அவர். "நான் பார்த்த டெப்போவுல ஒரு வண்டி லேட்டாப் போனதில்ல. இங்க வண்டியே போகமாட்டேங்குது" என்று நாள் முழுவதும் என் தலையைத் தின்கிறார். உன் தலை தூரத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது விஷயத்துக்கு உன்னிடமிருந்து மூச்சே இல்லை. தலைமை அலுவலகத்தில் எனக்கு ஆறு மாதப் பயிற்சி, முடித்து வந்தால் இந்த ஆய்வுக்கூடம் என் பொறுப்பில். போன தடவை கூப்பிட்டபோது அம்மா படுக்கையில் இருந்தார், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவையும் வேண்டாம் என்றால் இனி கூப்பிட மாட்டார்கள். ஆகஸ்ட் பத்துக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

நேராகப் பதில் எழுது.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் போடுகிறார்கள், ஏதோ நல்ல செய்திபோல என்று நினைத்து, கடையில் நாலு பேர் முன்னால் பிரித்தேன். நல்ல வேளை, வாய்விட்டுப் படிக்கவில்லை.

கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். நான் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, இந்தத் தண்ணீரில் இதை ஊற்று அதை ஊற்றாதே என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? விளையாட்டுக்கு மெஷின் என்றால் காசில் பாதி கார்டுக்குப் போகும், கால்பாகம் பிராசசருக்கு, மிச்சத்தில் மற்றதெல்லாம். இதுதான் கணக்கு. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: பிராசசர் சமைக்கிறவன், கார்டு பரிமாறுகிறவன். சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பரிமாறுகிறவன் சோம்பேறி என்றால் சாப்பாடு மேஜைக்கு வராது. நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேருக்கு இதுதான் சரி. அந்தத் தொண்ணூறு பேரும் மறுபடி என்னிடமே வருகிறார்கள்.

நீ அனுப்பிய பணத்துக்கு அந்தக் கார்டு வராது. மேலே போட்டது என் கைக்காசு. பெரிய மானிட்டரும் என் செலவு. அதற்கு ஒரு வார்த்தை இல்லை. அப்பா எதையாவது அமுக்கி வைத்திருப்பார். அவர் டிவி ரிமோட்டையே ஒழுங்காகப் பிடிக்க மாட்டார், உனக்குத் தெரியாததா.

இரண்டாவது விஷயம் பார்க்கலாம். இந்த வீட்டில் இரண்டே அறை. மகளுக்குப் பரீட்சை வருடம், அவள் மேஜையை நகர்த்தினாலே சண்டைக்கு வருகிறாள். என் வீட்டுக்காரி காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வர முடியும். அப்பாவின் கண்ணுக்கு மருந்து விடுவது யார்? உனக்கென்ன, நீ தனியாள். ஆபீஸ் உண்டு, வீடு உண்டு என்று இருக்கிறாய். எனக்குக் குடும்பம் இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

தனியாள் என்று எழுதியிருக்கிறாய். எழுதிய பிறகு ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் அடித்துவிட்டிருப்பாய். நான் தனியாள் இல்லை. இந்த வீட்டில் நானும் அப்பாவும் இரண்டு பேர். நீ அவரை எண்ணவே இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டேன், உடைத்துவிடுவேனோ என்று.

அவர் எதையும் அமுக்கவில்லை. நானே சோதித்துப் பார்த்தேன். என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்போம். அதையே செய்தேன். முதலில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். மரங்கள் பாசிபோல ஆயின, கட்டிடங்கள் அட்டைப்பெட்டிபோல ஆயின. கார்டு மேல் குற்றம் இருந்தால் பாரம் குறைந்து வேகம் கூடியிருக்க வேண்டும். ஒரு துளி கூடவில்லை. பிறகு தரத்தை உச்சிக்கு ஏற்றினேன். வேகம் குறையவும் இல்லை. அதன்பின் எதையும் தொடாமல், அப்பாவின் நகரத்தை மூடிவிட்டு நூறு பேர் மட்டும் இருக்கும் ஒரு புது ஊரைத் திறந்தேன். பஸ் பறக்கிறது. ஆக, ஆள் கூடினால்தான் நிற்கிறது. மெஷினுக்குள் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் அளவையும் பார்த்தேன். பிராசசர் மூச்சு முட்டிக்கொண்டு இருக்கிறது. உன் கைக்காசு கார்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

உன் கடைப் பேச்சிலேயே சொல்கிறேன். தொண்ணூறாயிரம் பேருக்குச் சமைக்க ஒரே ஒருவனை நிறுத்திவிட்டு, பரிமாற ஆறு பேரைச் சட்டைக் கையை மடித்துவிட்டு அனுப்பியிருக்கிறாய். ஆறு பேரும் கரண்டியோடு காத்திருக்கிறார்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்கு உன் கணக்கு சரியாகவே இருக்கட்டும். மிச்சம் பத்துப் பேரில் ஒருவர் உன் அப்பா.

நீ எப்போதும் இப்படித்தான். கேட்டதைத் தர மாட்டாய், கண்ணில் தெரிகிறதைத் தருவாய். அம்மா படுத்திருந்தபோது, வாரத்துக்கு ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்காரு, நான் கொஞ்சம் தூங்குகிறேன் என்று கேட்டேன். நீ சுவர் அகலத்துக்கு ஒரு டிவி அனுப்பினாய். வந்தவர்கள் எல்லாம் "உங்க தம்பி எவ்வளவு பெருசா வாங்கிக் குடுத்திருக்கார்" என்றார்கள். அம்மா அதில் ஒன்றும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். எழுதிவிட்டேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்ற பதில் எனக்கு வேண்டாம். உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

இல்லை. முடியாது. போதுமா?

டிவி விஷயத்தை இத்தனை நாள் மனதில் வைத்திருந்து இப்போது எடுத்து வீசுகிறாய். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். நீ சொல்ல மாட்டாய். உனக்கு வேலை நடக்க வேண்டும் என்பதைவிட, நான் தப்பு செய்தேன் என்பது முக்கியம்.

அந்தக் கார்டை ஏன் போட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா என்னிடம் போனில் சொன்னார், "கண்ணுல எல்லாம் புகை மூட்டமா இருக்குடா" என்று. அவர் என்னிடம் தன் உடம்பைப் பற்றிச் சொன்னது அது ஒரு தடவைதான். அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் பெரிய மானிட்டர். சாதாரண மானிட்டரைவிட நாலு மடங்கு புள்ளிகள், எதைப் பார்த்தாலும் கண்ணாடி துடைத்த மாதிரித் தெரியும். அத்தனை புள்ளிகளையும் நிறுத்தாமல் வரைய வேண்டுமென்றால் அந்தக் கார்டு வேண்டும். அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்று போட்டேன். சர்க்கஸ் காட்டுவதற்கு இல்லை.

அவர் ஏன் இங்கே வரக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள். கடை திறந்த அன்று வாசலில் நாற்காலி போட்டு அவருக்காக வைத்திருந்தேன். அதற்கு முன் கூப்பிட வந்தபோது என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். "பொம்மைக் கடை தெறக்கறதுக்கு நான் வேற வரணுமா?" என்றார். அந்த நாற்காலியில் கடைசியில் பக்கத்துச் சலூன்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இந்த ஊர் வழியாக எத்தனை தடவை போயிருக்கிறார். ஒரு தடவை இந்தப் படி ஏறியதில்லை. இப்போது அவரே வீட்டில் நாள் முழுக்க பொம்மை பஸ் ஓட்டுகிறார், அதைச் செய்து கொடுத்த என்னை மட்டும் இன்னும் மதிக்கவில்லை. என்னை மதிக்காதவரை என் வீட்டில் உட்காரவைத்து, என் மகள் முன்னால் அவரிடம் பேச்சு வாங்க என்னால் முடியாது.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போடு. சம்பளம் நான் தருகிறேன். மெஷினைத் திருப்பி அனுப்பு. நீ சொன்னபடியே மாற்றித் தருகிறேன், என் தொழிலில் குறை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

மெஷின் ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்து வாங்கிக்கொள். கடை ஆளை அனுப்பாதே.

மானிட்டரை அனுப்பவில்லை. நாலு மடங்கு புள்ளிகள் என்றாயே, வந்த அன்றே எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டது. அப்பா பக்கத்தில் போய் மூக்கு இடிக்க உட்கார்ந்தும் படிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து கால்வாசிப் புள்ளியில்தான் ஓடுகிறது. கண்ணுக்காகத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் கோபம் குறையவில்லை. எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டுமா, படம் நுணுக்கமாகத் தெரிய வேண்டுமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆள் போட்டுக்கொள் என்ற உன் யோசனையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அக்கா


ஜூலை 22

அக்கா,

இது என்ன வேலை?

பார்சல் கனமாக இருக்குமே என்று கடையிலிருந்து தள்ளுவண்டி எடுத்துக்கொண்டு போனேன். பஸ் வந்தது. கன்டக்டர் இறங்கிக் கை நீட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா இறங்குகிறார். டிரைவர் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார், பெட்டிக்குத் தனி சீட்டாம், பெல்ட் வேறு போட்டிருந்ததாம். வழியெல்லாம் அப்பா அவர்களுடைய ஓட்டத்தில் என்ன தப்பு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்கும் இருவரும் அவருக்குச் சலாம் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் தள்ளுவண்டியோடு முட்டாள் மாதிரி நிற்கிறேன்.

முடியாது என்று எழுதியிருந்தேன். முடியாது என்றால் உன் அகராதியில் என்ன அர்த்தம்? என் வீட்டுக்காரியிடம் சொல்ல எனக்கு அரைமணி நேரம்கூட இல்லை. உன் பயிற்சிக்கு நாள் இருக்கும்போதே இப்படிக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டாய்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். "முதல்ல கடை" என்றார். பயணக் களைப்பில் கால் வீங்கியிருந்தது, ஆனாலும் கடைதான். வாசலில் நின்று போர்டை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கில் நின்றதை அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"பொம்மைக் கடைக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பொம்மை ரிப்பேர். அதான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டுப் படி ஏறி, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து, "பிரி" என்றார்.

பிரித்தேன். அவர் பேச ஆரம்பித்தார். கடையில் இரண்டு காலேஜ் பையன்கள் நிற்கிறார்கள், அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை. "பஸ்ஸுக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு, உள்ள பழைய எஞ்சின வெச்சு, எவனாவது லைனுக்கு அனுப்புவானா? பெயின்ட் ரோட்டுல நிக்கறவனுக்கு. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு வண்டி போகணும்டா." நானும் விடவில்லை. "உங்களுக்குக் கண்ணு தெரியலேன்னுதான் செஞ்சேன். வேற எவனுக்கு நான் கைக்காசு போட்டு கார்டு மாட்டறேன்?" என்று கத்தினேன். அவர், "கண்ணு தெரியலேன்னா கிட்ட வந்து கேக்கணும். தூரத்துல இருந்து கார்டு மாட்டுவியா?" என்றார். சலூன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்டைக் கழற்றினேன், நடுத்தரமாக ஒன்று மாட்டினேன். மிச்சமான காசுக்கு இருப்பதிலேயே பலமான பிராசசர் போட்டேன். அவருடைய நகரத்தைத் திறந்தேன். ஸ்டாப்பில் அதே ஆள், அதே தூக்கிய கால். கால் இறங்கிப் படியில் பட்டது. பின்னால் நின்ற கூட்டமும் ஏறியது. பஸ் கிளம்பியது. அப்பா, "ஏறிட்டான்" என்றார், யாரோ சொந்தக்காரன் ஊருக்குப் போகிற மாதிரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பையன்களில் ஒருவன் அந்தப் பெரிய கார்டைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கே விழுந்து, "தம்பி, நீங்க என்ன வெளையாடுவீங்க?" என்றார். சண்டை விளையாட்டு, பெரிய திரை என்றான். அப்பா சற்று யோசித்தார். "அப்ப இவன்கிட்டக் கேளுங்க. என் பேச்ச இவன் கேக்க மாட்டான், ஆனா அந்த வகைக்கு இவன் சேத்தா ஓடும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கடை திறந்து இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது, அதையும் முன்பின் தெரியாத ஒருவனிடம் சொன்னார்.

கார்டு விற்றுவிட்டது. மெஷின் தயார். எப்போது வந்து இரண்டையும் கூட்டிப்போகிறாய்?

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

கூட்டிப்போக வரவில்லை. நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தலையில் கட்டிவிட்டாய் என்கிறாய். நான் கட்டவில்லை. முடியாது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று, மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். "வேற என்ன எழுதியிருக்கான்?" என்றார். மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். பிறகு கோபம் வந்தது, உன்மேலும் அவர்மேலும் சேர்ந்து. இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் வன்மத்தை நான் ஏன் நடுவில் நின்று சுமக்க வேண்டும்? முதல் வரியிலிருந்து முழுவதும் படித்துக் காட்டினேன். முடியாது என்பதையும் படித்தேன். நாற்காலியையும் படித்தேன்.

நாற்காலி வந்த இடத்தில், "மறுபடி படி" என்றார். படித்தேன்.

"அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க. நானும் நின்னுட்டுத்தான இருந்தேன்."

அதற்குப் பிறகு கண்ணுக்கு மருந்து விட்டேன். விட்டால் எப்போதும் "எரியுது, எரியுது" என்று சத்தம் போடுவார், அன்று போடவில்லை. கண்ணை மூடியபடியே, "அந்த ஊருக்குப் பகல்ல எந்த பஸ்?" என்றார். அவராகவே அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்து மடித்து வைத்தார். நான் மடித்தவற்றையும், எனக்கு மடிக்கத் தெரியாது என்று மறுபடி பிரித்து மடித்தார். கிளம்புவதற்கு முதல் நாள், பெரிய எழுத்து வரும்படி செட்டிங்கை எங்கே மாற்றுவது என்று என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார், உன்னிடம் கேட்கக் கூடாது என்று.

ஆக, வாசலில் நின்று உன் போர்டைப் படித்தது கேலி இல்லை. அந்தக் கண்ணுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். படிக்க வேண்டும் என்றுதான் வந்தார்.

இவ்வளவு எழுதியதால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பஸ் கிளம்பும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்கு பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் சமைத்துப் போட்டு, மருந்து விட்டு, அவர் நகரத்தில் பஸ் நின்றதற்கெல்லாம் நான் திட்டு வாங்கினேன். நீ ஒரு பிராசசர் மாற்றினாய், நீ சேர்த்தால் ஓடும் என்கிறார். எனக்கு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, உன்னை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

மருந்து காலையில் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று. விட்ட பிறகு கண்ணைத் தேய்க்க விடாதே. தேய்க்கவில்லை என்று பொய் சொல்வார்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நீ படித்துக் காட்டியிருக்கக் கூடாது. உன்னை நம்பி உனக்கு எழுதியது அது. அவருக்கு எழுத எனக்குத் தெரிந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேனே. அவர் தெரிந்துகொண்டுதான் வந்தார் என்பது தெரியாமல், முதல் நாளே வாசலில் வைத்து அப்படிக் கேட்டுவிட்டேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசவும் மாட்டோம் என்று நினைக்கிறேன். இனி என் கடிதத்தை உன்னோடு வைத்துக்கொள்.

காலையில் நான் கிளம்புவதற்குள் அவர் கிளம்பி நிற்கிறார். ஷட்டரைத் தூக்க நாலு நிமிடம் தாமதமானால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், வாயைத் திறப்பதில்லை, பார்க்கிறார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மேஜை போட்டு மெஷினை வைத்திருக்கிறேன். நகரம் லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருகிறவர்கள் கார்டு கேட்க வந்து, நின்று பஸ் பார்க்கிறார்கள். வியாபாரம் கெடுகிறது என்று சொன்னால், "என்ன வெளையாடுவாங்கன்னு நீ கேக்கறியா? நான்தான கேக்கறேன்?" என்கிறார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சண்டை. என் வீட்டுக்காரி, நாங்கள் வீட்டுக்குள் சண்டை போடாமல் கடையிலேயே முடித்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். மகள் தன் மேஜையை அவளாகவே நகர்த்தினாள். தாத்தாவின் ஒன்பதாம் நம்பர் பஸ் சுற்றுவழி என்று இவளும், சுற்றுவழி இல்லை என்று அவரும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை.

மருந்து ஒரு வேளையும் தவறவில்லை. தேய்த்துவிட்டுப் பொய்தான் சொல்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறு வழியில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் உன் முறை என்று வந்து நிற்காதே. அவர் இங்கே செட் ஆகிவிட்டார். அங்கே உனக்கும் பெரிய பொறுப்பு வந்துவிடும், அவரைத் தனியாக ஹாலில் உட்கார வைத்துவிட்டுப் போவாய். இங்கே பேச ஆள் இருக்கிறது, திட்டவும் ஆள் இருக்கிறது. அவர் இங்கேயே இருக்கட்டும்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பிக்கு,

செட் ஆகிவிட்டார் என்று எழுத நீ யார்?

முடியாது என்று எழுதிய அதே கையா இது? ஜூலையில் இரண்டே அறை இருந்த வீட்டுக்கு ஆகஸ்டில் எத்தனை அறை ஆகிவிட்டது? தனியாக உட்கார வைத்துவிட்டுப் போவாயாம். வீட்டில் இருக்கும் அந்தப் பெரிய மானிட்டரை வைத்துக்கொண்டு நான் எந்தப் புள்ளியை எண்ணுவது? நீ அவரைக் கேட்டாயா? உன் மனதுக்குப் பட்டதை முடிவு செய்துவிட்டு, அவருக்கு இதுதான் நல்லது என்கிறாய். மறுபடியும் கார்டு மாட்டுகிறாய்.

இங்கே விடுதியில் எனக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். வகுப்பு நன்றாக இருக்கிறது. என்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் என் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதுகிறார்கள். முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன், அம்மா போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. இதெல்லாம் வேண்டும் என்றுதான் உன்னோடு சண்டை போட்டேன். கிடைத்துவிட்டது.

ஆனால் இரவு மருந்து நேரத்துக்குப் போனில் அலாரம் அடிக்கிறது. எடுத்துவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன், எடுக்க மனம் வரவில்லை. அடித்ததும் எழுந்து உட்காருகிறேன். பக்கத்துக் கட்டில் பெண், "என்ன மேடம்?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். நீ இந்நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. வயிறும் எரிகிறது.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்றைக்குப் பகல் பஸ்ஸில் மெஷினை அனுப்பு. பிராசசர் ரிப்பேர், கார்டு ரிப்பேர், எதையாவது சொல்லி அனுப்பு. பக்கத்து சீட்டில் யார் வருகிறார் என்பதை, என்னைப் போலவே நீயும் எழுதாதே. தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறேன். கன்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கும்போது, இது என்ன வேலை என்று நானும் உன்மேல் கோபப்பட வேண்டும்.

அக்கா